உறங்கி நடப்போரும் உறங்காத காவலும்

உழைத்துக் களைத்த உடலுக்கு உறக்கம் ஓர் அருமருந்து. அரசனும் ஆண்டியும் அதன் மடியில் ஒரு நிலையினரே. ஆயினும், சிலருக்கு அவ்வுறக்கமே இடர் தருவதாய் அமைந்துவிடுகிறது. படுத்த சில நாழிகைக்குள் அவர்கள் எழுகின்றனர். கண்கள் திறந்தே இருக்கின்றன. எதிரே நிற்பவரை அறிவதில்லை. கதவைத் திறக்கின்றனர், படியில் இறங்குகின்றனர், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை பகர்கின்றனர். பொழுது விடிந்தபின் வினவினால், ஒன்றும் நினைவில்லை என்கின்றனர். இத்தகையோரை வீட்டில் ஊறு நேராமல் காப்பது எங்ஙனம்? இவ்வினா நேற்று எழுந்ததன்று. நாடக மேடையிலும் நீதிமன்றத்திலும் ஆராய்ச்சிக் கூடத்திலும் அது எழுந்த வரலாற்றை நாம் சிறிது திரும்பிப் பார்ப்போம்.

காவலுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆளைக் கட்டிவைப்பது. மற்றொன்று, ஆள் நடமாடும் வீட்டைச் சீர்செய்வது. உறங்கி நடப்போரின் வரலாறு, முதல் வழியினின்று இரண்டாம் வழிக்கு மனிதகுலம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த வரலாறே ஆகும்.

பழங்காலத்து மக்கள் இந்நிலைக்குக் காரணத்தை வெளியே தேடினர். ஜெர்மானியர் இதற்கு வழங்கிய பழம்பெயர் ‘திங்கள் நோய்’ என்று பொருள்படும். வானத்து மதியே மனிதனை எழுப்பி நடத்துகிறது என்று அவர்கள் எண்ணினர். நம் நாட்டிலோ, இது பேயின் செயல் என்று அஞ்சி மந்திரிப்போரை நாடியவர் பலர். இன்னும் சிலர், மறைத்து வைத்த பாவமே இரவில் எழுந்து நடக்கிறது என்றனர்.

இக்கடைசிக் கருத்துக்கு உருக்கொடுத்தது ஷேக்ஸ்பியர் ஏறக்குறைய 1606-ஆம் ஆண்டில் இயற்றிய ‘மாக்பெத்’ நாடகம். அரசனைக் கொன்ற பழியில் பங்கு கொண்ட மாக்பெத் சீமாட்டி, உறக்கத்தில் எழுந்து நடக்கிறாள். அவள் மேலாடை அணிந்து, பேழையைத் திறந்து, தாள் எடுத்து எழுதி, முத்திரையிட்டு, மீண்டும் படுக்கைக்குத் திரும்புவதைப் பணிப்பெண் கண்டு மருத்துவரிடம் உரைக்கிறாள். மருத்துவரும் ஓரிரவு அதனை நேரில் காண்கிறார். பின்னர் அவர் பணிப்பெண்ணுக்குக் கூறும் அறிவுரை நாம் கருதத்தக்கது. தீங்கு விளைக்கக்கூடிய பொருள்களை அப்புறப்படுத்த வேண்டும். அவள்மீது எப்போதும் ஒரு கண் இருக்க வேண்டும். இவையே அவர் கூறியவை. சீமாட்டி தனக்குத் தானே தீங்கு செய்துகொள்வாளோ என்ற அச்சத்தால் அவர் அவ்வாறு மொழிந்தார். எனினும், அறையில் பூட்டிவைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. உறக்கத்தில் நடந்தவர்களுள் தூய வாழ்வு வாழ்ந்து மறைந்தோரையும் தாம் அறிந்ததுண்டு என்று அம்மருத்துவர் கூறுவதையும் நாம் மறத்தலாகாது. பாவத்தைப் பற்றிய செய்தியை உலகம் நினைவில் வைத்தது. பாதுகாப்பைப் பற்றிய செய்தியை மறந்துவிட்டது.

1831-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மிலான் நகரில், பெல்லினி என்னும் இசை மேதை இயற்றிய ‘லா சொன்னாம்புலா’ என்னும் இசை நாடகம் அரங்கேறியது. ‘உறங்கி நடக்கும் பெண்’ என்பது அப்பெயரின் பொருள். அமீனா என்னும் பெண் தன்னையறியாமல் உறக்கத்தில் நடந்து, விடுதியில் தங்கியிருந்த ஒரு பிரபுவின் அறைக்குள் சென்றுவிடுகிறாள். ஊரார் பழி தூற்றுகின்றனர். மணம் பேசியவன் வெறுத்து ஒதுக்குகிறான். இறுதியில், ஆபத்தான உயரத்தில் அவள் உறங்கியபடியே நடந்து வருவதை அனைவரும் காண்கின்றனர், பழி நீங்குகிறது. அவ்வேளையில், ஒருவர் குரல் எழுப்பினாலும் அவள் உயிர் போய்விடும் என்று பிரபு ஊராரை அடக்குகிறார். உறங்கி நடப்பவரை எழுப்பினால் உயிர் பிரியும் என்ற நம்பிக்கை இன்றும் பல வீடுகளில் உண்டு. அது மெய்யன்று. எழுப்புவதால் மட்டும் எவரும் இறப்பதில்லை. ஆனால், திடீரென்று உலுக்கி எழுப்பினால் அவர் திகைத்து நிலைதடுமாறுவார். தடுப்பவரைத் தள்ளவும் அடிக்கவும் கூடும். ஆதலின், பழகிய குரலில் மெல்லப் பேசி, தோளைத் தொட்டுப் படுக்கைக்குத் திருப்பி அழைத்துச் செல்வதே தக்கது.

மேடையில் பழி நீங்கியது. வாழ்க்கையில் நேர்ந்ததோ துயரம். 1878-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சைமன் பிரேசர் என்னும் தொழிலாளர் ஒருவர் வாழ்ந்தார். அவர் இளமை முதலே உறக்கத்தில் எழுந்து நடமாடும் இயல்புடையவர். ஓரிரவு, கொடிய விலங்கு ஒன்று வீட்டினுள் புகுந்து தம் பிள்ளையைத் தாக்க வருவதாக உறக்கத்தில் கண்டார். அதனைப் பற்றி மோதிக் கொன்றதாக எண்ணினார். விழித்தபோது, அவர் கையில் மாண்டு கிடந்தது ஒன்றரை வயதுடைய அவர் மகனே! வழக்கு நீதிமன்றம் சென்றது. தம் செயலை அறியாத நிலையில் செய்தமையால் அவர் அதற்குப் பொறுப்பாளி அல்லர் என்று முடிவாயிற்று. இனிப் பூட்டிய அறையில் தனியே உறங்குவதாக அவரிடம் உறுதி பெற்று, அவரை விடுவித்தனர்.

இத்தீர்ப்பில் அறிவும் இருந்தது; அறியாமையும் இருந்தது. குற்றம் வேறு, நோய் வேறு என்று பகுத்துக் கண்டது அறிவு. பூட்டு ஒன்றே மருந்தென்று கொண்டதோ அக்காலத்தின் எல்லை. பூட்டிய கதவு பிறரைக் காத்தது. உள்ளே இருப்பவரைக் காப்பவர் யார்? நள்ளிரவில் தீப்பற்றினால் அவர் வெளியேறுவது எவ்வாறு?

காரணம் விளங்கினால்தான் காவல் செம்மையாகும். அவ்விளக்கம் 20-ஆம் நூற்றாண்டில் கிட்டியது. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், மனித மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்த முறையை 1929-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1953-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அசெரின்ஸ்கி, கிளெய்ட்மன் என்னும் இருவர், மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் ஓர் உறக்கநிலையைக் கண்டறிந்தனர். கனவுகள் மிகுந்து தோன்றும் நிலை அது. அந்நிலையில் உடலின் தசைகள் பெரும்பாலும் தளர்ந்து கிடக்கும். அவ்வாறாயின், உறங்கி நடப்பவர் கனவைத்தான் நடித்துக் காட்டுகிறாரா? இல்லை என்று விடை வந்தது 1965-ஆம் ஆண்டில். ஜேகப்சன், கேல்ஸ் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர், இவ்வியல்புடையோரை இரவு முழுதும் ஆய்ந்து, இந்நடை கனவுநிலையில் தொடங்காமல் ஆழ்ந்த உறக்கத்தில் தொடங்குவதைக் கண்டனர். 1968-ஆம் ஆண்டில் ராஜர் பிராட்டன் என்பார், இதனை அரைகுறை விழிப்பின் கோளாறு என்று விளக்கினார். உடல் எழுந்துவிடுகிறது; அறிவு முழுதும் எழவில்லை. ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பகுதியில் மிகுதி. ஆதலின் இந்நடையும் பெரும்பாலும் முன்னிரவில் நிகழ்கிறது.

இது அரிய நிலையும் அன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, ஓராண்டுக் காலத்தில் குழந்தைகளுள் 100-க்கு 5 பேரும், வளர்ந்தோருள் 100-க்கு ஒன்றிரண்டு பேரும் இவ்வாறு நடக்கின்றனர். இது குடிவழியிலும் வருவதுண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நடந்து 2015-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, பெற்றோர் இருவரும் இவ்வியல்பு இல்லாதவராயின் குழந்தைகளுள் 100-க்கு 22 பேரும், ஒருவர் உடையவராயின் 47 பேரும், இருவரும் உடையவராயின் 61 பேரும் என்றேனும் உறங்கி நடந்தனர் என்று கூறுகிறது. ஆகவே, பிள்ளை எழுந்து நடந்தால் பேயை ஐயுறுவதினும் பாட்டனாரின் இளமையைக் கேட்டறிவது பயனுடையது. பெரும்பாலான குழந்தைகள் வளர வளர இதனின்று விடுபடுகின்றனர்.

உறக்கக் குறைவு, காய்ச்சல், மனக்கவலை, மது ஆகியவை இந்நடையைத் தூண்டவல்லவை. சில மருந்துகளும் அவ்வாறே. வில்கி காலின்ஸ் 1868-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மூன்ஸ்டோன்’ புதினத்தில், 1799-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது கவர்ந்து செல்லப்பட்ட ஒரு வைரத்தை, அபினி மயக்கத்தில் ஒருவன் தன்னையறியாமல் எடுத்துவிடுகிறான். அது கற்பனை. ஆனால் 2019-ஆம் ஆண்டில், சோல்பிடெம் போன்ற சில உறக்க மருந்துகளை உண்டோர் உறக்கத்தில் நடந்தும் வண்டி ஓட்டியும் ஊறுபட்டமையால், அவற்றின் மருந்துக் குறிப்பேட்டில் கடும் எச்சரிக்கை சேர்க்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆணையிட்டது. மருத்துவர் சொல்லின்றி உறக்க மருந்து உண்ணுதல் தகாது.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். பிழைப்பு நாடி வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மில் பலர், அடுக்கு வீடுகளின் மேல் தளங்களில் வாழ்கின்றோம். வடநாட்டுக் கோடையில் மொட்டைமாடியில் படுப்பது நெடுங்கால வழக்கம். உறங்கி நடப்பவர் உள்ள குடும்பத்தார் அவரை மாடியில் படுக்கவிடுதல் கூடாது. பால்கனிக் கதவையும் சன்னலையும் தாழிட வேண்டும். தாழ்ப்பாள் அவர் கைக்கு எளிதில் எட்டாத உயரத்தில் அமையட்டும். வீட்டிலுள்ள மற்றையோர் விரைந்து திறக்கக்கூடியதாகவும் இருக்கட்டும். அறையை வெளிப்புறம் பூட்டுதல் வேண்டா. கதவில் ஒரு சிறு மணி கட்டினால் போதும், அது நம்மை எழுப்பும். அரிவாள்மணையும் கத்தியும் அலமாரிக்குள் செல்லட்டும். எரிவாயு உருளையின் திருகை மூடுக. எரியும் கொசுவர்த்திச் சுருளை நடைவழியில் வையாதீர். வண்டிச் சாவியை மறைத்து வைக்க. ஒரே நேரத்தில் நாள்தோறும் எழுந்து நடக்கும் குழந்தையை, அந்நேரத்துக்குச் சற்று முன்னதாக மெல்ல எழுப்பிவிடும் முறையையும் மருத்துவர் கூறுவதுண்டு. அடிக்கடி நிகழ்ந்தாலும், ஊறு நேர்ந்தாலும், வளர்ந்தபின் புதிதாகத் தோன்றினாலும் மருத்துவரைக் காண்பது கடன்.

ஊருக்குத் திரும்பும் நெடுந்தொலை இரயில் பயணத்தில் நாம் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அலைச்சலும் குறையுறக்கமும் இந்நடையைத் தூண்டும். பெட்டியின் கதவோ சில அடித் தொலைவில் உள்ளது. அத்தகையவருக்குக் கீழ்ப்படுக்கையே ஏற்றது. கதவுப் பக்கம் பெரியவர் ஒருவர் படுப்பது நலம். அடுத்த வீட்டார் வேற்றுமொழியினராயின், அவர்தம் மொழியிலேயே இச்செய்தியை முன்னரே சொல்லிவைப்போம். நள்ளிரவில் தம் கதவைத் தட்டும் பிள்ளையை அவர்கள் கள்வனென்று கருதாமல், கைப்பற்றி நம்மிடம் சேர்ப்பார்கள்.

திங்களையும் பேயையும் பாவத்தையும் பழித்து வந்த உலகம், பூட்டையும் நம்பிப் பார்த்தது. ஏறக்குறைய 1606-இல் ஒரு நாடக மருத்துவர் சொன்ன இரு சொற்களுக்கே அறிவியலும் இன்று வந்து நிற்கிறது: ஊறு செய்வதை அகற்று, உற்றவரைக் கண்காணி. இவ்விரண்டுக்கும் பொருட்செலவு மிகுதியில்லை. அன்பும் விழிப்புமே வேண்டுவன.