பரம்பரை நிலம்: உடைமையின் வரலாறும் உழைப்பின் வரலாறும்



ஒரு நிலம் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்தால் அதைப் பெருமையாகப் பேசுவது வழக்கம். அரசும் ஊரும் அந்தத் தொடர்ச்சிக்கு மதிப்பளிக்கின்றன. அதே நிலத்தில் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவர்கள், நாற்று நட்டவர்கள், நீர் பாய்ச்சியவர்கள் யார் என்பதையும் நாம் சேர்த்தே கேட்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தின் வரலாறு இதற்கு ஆவணங்களிலேயே விடை வைத்திருக்கிறது.

தொண்டைமண்டலத்தில் ஊர் நிலத்தின் மீதான பரம்பரை உரிமையைக் காணியாட்சி என்றார்கள். பிற்கால ஆவணங்கள் அதை மிராசு என்றன. மிராசு என்ற சொல்லுக்கே வாரிசுச் சொத்து என்றுதான் பொருள். மிராசு உரிமை குறித்து அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்குச் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் எழுதிய பதில்கள் 1818இல் அச்சாயின. இப்படித்தான் சாதி இந்துக் குடும்பங்களின் நிலத் தொன்மை, கும்பினி அரசின் காகிதத்தில் உரிமையாக ஏறியது.

அக்காலத்து வருவாய் வாரிய ஆவணங்களில் நம் முன்னோரும் இருக்கிறார்கள், பண்ணையடிமைகளாக. நிலம் கைமாறியபோது அவர்களும் அதோடு கைமாறினார்கள். ஆண்டையின் மகனுக்கு நிலம் வாரிசாக வந்தது. பண்ணையாளின் மகனுக்கு அடிமைத்தனம் வாரிசாக வந்தது. இரண்டும் ஒரே பரம்பரையின் இரு பக்கங்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. எல்லைத் தகராறு வந்தால் பறையர் ஒருவரை அழைத்து, தலையில் நீர்க்குடத்தோடு எல்லையில் நடக்கச் சொல்லி, அவர் நடந்த வழியையே எல்லையாக ஏற்கும் வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் பதிவுசெய்கின்றன. ஊரின் எல்லை அறிந்தவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட மனிதருக்கு அந்த எல்லைக்குள் ஒரு குழி நிலம் கிடையாது.

1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பைப் பறித்தது. ஆனால் நிலம் தரவில்லை. விளைவு என்ன என்பதை 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் தம் அறிக்கையில் எழுதினார். சேரியின் குடிசை நின்ற மனைகூட மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசை போகும். தரிசுக்கு மனுப்போட்டால், பரம்பரை உரிமையைக் காட்டி மிராசுதார் முந்திக்கொள்வார். கடன் அவர்களைப் பண்ணையிலேயே கட்டிப்போட்டது. சட்டம் போன பிறகும் அடிமைத்தனம் நிலைக்க, நிலமின்மை ஒன்றே போதுமானதாக இருந்தது.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையைத்தான் பஞ்சமி நிலத்தின் தொடக்கமாக நாம் நினைவுகூர்கிறோம். இந்த நிலங்களைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. இதன் பொருளை நாம் சரியாக உணர வேண்டும். வாரிசுரிமை மறுக்கப்பட்ட மக்களின் கையில் நிலம் தலைமுறை தாண்டியும் நிற்க வேண்டும் என்பதற்காகப் போடப்பட்ட வேலி அது. மிராசு பழைய தொடர்ச்சியைக் காத்தது. பஞ்சமி புதிய தொடர்ச்சியைத் தொடங்க முயன்றது.

அந்த வேலி உடைக்கப்பட்டது. கடனும் மிரட்டலும் பினாமிப் பத்திரங்களும் நிலத்தைக் கொண்டுபோயின. சென்னை மாகாணம் முழுவதும் ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாக இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லை. அதே செங்கல்பட்டு மாவட்டத்தில், காரணை மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியபோது, 1994 அக்டோபரில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் நீத்தார்கள். நூறாண்டுகளுக்கு முன் அரசே எழுதிக்கொடுத்த உரிமையைக் கேட்டதற்கு அரசு தந்த பதில் அது.

இன்று நிலத்தை வைத்திருப்பவர்கள் "எங்கள் தாத்தா காலத்திலிருந்து எங்களுடையது" என்கிறார்கள். நிபந்தனையை மீறி வாங்கிய நிலத்துக்கு எத்தனை தலைமுறை கடந்தாலும் அது தகுதி ஆகாது. காலம் போனதாலேயே களவு காணியாட்சி ஆகிவிடாது.

இங்கே மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் புல எண் வாரியாக ஒப்பிடுங்கள். நிபந்தனை நிலம் எந்தப் பதிவேட்டில் இருந்தது, எதில் காணாமற்போனது, யார் பெயருக்குப் பட்டா மாறியது என்று எழுதிவையுங்கள். சேரியின் மூத்தவர்களிடம் வயல்களின் பெயர்களைக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். எல்லை இன்னும் அவர்களுக்குத் தெரியும்.