திருத்தமும் தீர்ப்பும்: இந்தியச் சிறார் காவல் இல்லங்களில் உளவியல் மறுவாழ்வின் வரலாறு

முன்னுரை

குற்றம் புரிந்த சிறாரைக் காவலில் வைக்கும் வழக்கம் பழமையானது. காவலில் உள்ள சிறாரின் உள்ளத்தை அறிந்து அவரைத் திருத்த முற்படுவது அண்மைக் காலத்தது. இந்தியாவில் இம்முயற்சி தோன்றி வளர்ந்த முறையையும், இன்று அதனுள் எழுந்துள்ள முரணையும் சட்டங்களின் வழிநின்று இக்கட்டுரை ஆராய்கிறது.

தொழிலும் ஒழுங்கும்

சிறு குற்றம் புரிந்த 10 முதல் 18 வயது வரையிலான சிறாரைச் சிறைக்கு அனுப்பாமல் தொழில் பயில ஒப்படைக்க, 1850ஆம் ஆண்டுச் சட்டம் நடுவர்களுக்கு வழிவகுத்தது. சீர்திருத்தப் பள்ளிகளுக்கான சட்டம் 1876இல் இயற்றப்பெற்று, 1897இல் புதுக்கப்பெற்றது. 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களை 3 முதல் 7 ஆண்டுகள் வரை பள்ளியில் வைக்கப் புதிய சட்டம் இடமளித்தது. அப்பள்ளிக்கு இன்றியமையாதனவாக அது வகுத்தவை நோக்கத்தக்கன: இரவில் தனித்தனியே தங்கும் வசதி, துப்புரவு, குடிநீர், உணவு, உடை, படுக்கை, தொழிற்பயிற்சி, நோயர் அறை. உடலுக்கும் கைக்கும் வேண்டுவன யாவும் இப்பட்டியலில் உள்ளன. உள்ளத்திற்கென எதுவும் இல்லை. உழைப்பும் ஒழுங்கும் அமைந்தால் குணம் தானே அமையும் என்பது அக்காலக் கருத்தாக இருந்தது எனலாம்.

கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைக்குழு (1919–20), கைதியைத் திருத்துவதும் சிறையின் நோக்கமாதல் வேண்டும் என வலியுறுத்தியது. சென்னை (1920), வங்காளம் (1922), பம்பாய் (1924) மாகாணங்கள் சிறார் சட்டங்களை இயற்றின. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள பார்ஸ்டல் என்னும் சிற்றூரில் 1902இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி, 1925ஆம் ஆண்டின் சென்னை பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம் எழுந்தது. 16 முதல் 21 வயது வரையிலான இளைஞரை 2 முதல் 5 ஆண்டுகள் வரை பயிற்சியில் வைக்க அது வகைசெய்தது.

உள்ளத்தை நோக்கிய திருப்பம்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1909இல் வில்லியம் ஹீலி என்னும் மருத்துவர், சிறார் நீதிமன்றத்திற்கு வந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக ஆராயும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். குற்றத்தின் காரணத்தை அக்குழந்தையின் வாழ்க்கை வரலாற்றில் தேடும் இவ்வணுகுமுறை சமூகப்பணிக் கல்வியின் வழியே இந்தியாவை எட்டியது. பம்பாயில் 1936இல் தொடங்கப்பெற்ற தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளி, அடுத்த ஆண்டே குழந்தை வழிகாட்டு நிலையம் ஒன்றை நிறுவியது. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், குற்றவாளியின் குணத்தையும் குடும்பச் சூழலையும் நன்னடத்தை அலுவலர் விசாரித்து அறிக்கை தரும் முறையை நாடு தழுவியதாக்கியது.

சட்டச் சொல்லாட்சியும் உடன் மாறியது. 1986ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ‘குற்றம் புரிந்த இளைஞர்’ என்றது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் ‘சட்டத்திற்கு முரண்பட்ட இளைஞர்’ என்றது. முன்னது ஆளின் இயல்பைச் சுட்டுவது. பின்னது ஒரு நிலையைச் சுட்டுவது. நிலை மாறக்கூடியது என்னும் நம்பிக்கையே மறுவாழ்வுக்கு அடிப்படையாகும். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, இல்லங்கள் அளிக்க வேண்டிய பணிகளுள், ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்ற உளவியல் ஆற்றுப்படுத்தலையும் வெளிப்படையாகச் சேர்த்தது. 1897ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்த வெற்றிடம் 118 ஆண்டுகளுக்குப் பின் நிரம்பியது.

ஒரே அறிவு, இரு பணி

ஆயினும் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு உளவியலுக்கு வேறொரு பணியையும் தந்தது. 2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமையில் குற்றம் சாட்டப்பெற்றோருள் ஒருவர் 18 வயது நிரம்பாதவர் என்பதால் எழுந்த பொதுச் சீற்றம் இதன் பின்னணியாகும். 16 வயது நிரம்பியோர் கொடுங்குற்றம் புரிந்ததாகக் கூறப்படின், அதனைச் செய்யும் மன, உடல் ஆற்றலும் விளைவை உணரும் திறனும் அவர்க்கு இருந்தனவா என இளைஞர் நீதிக் குழுமம் முன்மதிப்பீடு செய்கிறது. இதற்கு உளவியலாளரின் உதவியைப் பெறலாம். அம்மதிப்பீட்டின் வழியே சிறார் ஒருவர் வயதுவந்தோர்க்குரிய விசாரணையை எதிர்கொள்ள நேரலாம். உளவியல் தேர்ச்சியுடையவர் குழுமத்தில் இல்லாதவிடத்து வல்லுநர் உதவி கட்டாயம் என உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியது. மேலும், இவ்வழியே தண்டனை பெற்றவர் 21 வயதை எய்தும்போது, அவரிடம் திருத்தம் விளைந்துள்ளதா என்பதை மதிப்பிட்டே விடுதலையோ எஞ்சிய காலச் சிறையோ முடிவு செய்யப்படுகிறது.

மனம் திறந்து பேசினாலன்றி ஆற்றுப்படுத்தல் இயலாது. பேசிய சொல் தனக்கெதிராகத் திரும்பக்கூடும் என அஞ்சும் சிறார் மனம் திறப்பதில்லை. திறந்தாலும், எதிர்பார்க்கப்படும் வருத்தத்தை நடித்துக் காட்டும் நிலைக்குத் தள்ளப்படலாம். குணப்படுத்தும் அறிவும் தீர்ப்புக்குத் துணைபோகும் அறிவும் ஒன்றாகும்போது முன்னதே இழப்புறும்.

முடிவுரை

‘கவுன்சலிங்’ என்பதற்குத் தமிழில் ‘ஆற்றுப்படுத்தல்’ என்னும் சொல் வழங்குகிறது. ஆற்றுப்படை இலக்கியத்தில் வழிகாட்டுபவன் வறுமையைத் தானும் அறிந்தவன். பரிசில் பெற்று மீள்பவன். எதிர்வரும் இரவலனின் தகுதியை அளப்பவன் அல்லன். அவன் செய்வது வழியைச் சொல்வது ஒன்றே. சிறார் இல்லத்தில் ஆற்றுப்படுத்துபவரும் முன்மதிப்பீடு செய்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருத்தல் வேண்டும். முன்னவரிடம் சொல்லப்பட்டது பின்னவரின் அறிக்கைக்குச் செல்லாதிருத்தல் வேண்டும். ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாறு சிறாரின் உள்ளத்திற்குச் சட்டத்தில் இடம் தேடித் தந்துள்ளது. அவ்வுள்ளம் அச்சமின்றிப் பேசுவதற்கான இடத்தைத் தருவது இனிச் செய்யவேண்டிய பணியாகும்.