தோம்பு முதல் தரவுத்தளம் வரை



காணி அலுவலாகவோ பிறப்புப் பதிவு சம்பந்தமாகவோ நாம் ஓர் அரசாங்கக் காரியாலயத்துக்குச் செல்லும்போது, வாயிற் பலகையிலே 'திணைக்களம்' என்னும் சொல்லைக் காண்கின்றோம். தமிழகத்தார் இன்று 'துறை' என்பதை நாம் திணைக்களம் என்கின்றோம். இது நேற்றுப் பிறந்த மொழிபெயர்ப்பன்று. சோழர் சாசனங்களில் 'புரவுவரித் திணைக்களம்' என்னும் அலுவலகம் பேசப்படுகின்றது. நிலத்தையும் நிலவரியையும் பற்றிய கணக்குகளைப் பேணுவது அதன் கடமை. வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று அங்குப் பணிபுரிந்தோரின் பதவிப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கணினி யுகத்தில் 'தரவுத்தள நிருவாகி' என்று ஓர் உத்தியோகத்தரைப் பற்றி இளைஞர் பேசக் கேட்கின்றோமே, அவருடைய மூதாதையர் இவர்களே என்பது என் துணிபு. அந்தத் தொழிலின் வரலாற்றையே இன்று கூற முற்படுகின்றேன்.

முதலாம் இராசராசன் தனது 21 ஆம் ஆட்சியாண்டில் நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அதனைக் கூறும் செப்பேடு பிற்காலத்தில் ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரைச் சேர்ந்தமையால் லெய்டன் செப்பேடு எனவும் பெயர் பெற்றது. அரசன் வாய்திறந்து சொன்னதோடு காரியம் முடிந்துவிடவில்லை. திருமந்திர ஓலை எழுதுவான் அதனை எழுதினான். மேலதிகாரிகள் ஒப்பிட்டுப் பார்த்தனர். அதன்பின் வரிக்கணக்கிற் பதிந்தனர். எழுதியவர் யார், ஒப்பிட்டவர் யார், பதியும்போது உடனிருந்தவர் யார் என்பதெல்லாம் பெயரோடு சொல்லப்படுகின்றன. எழுதுபவன் ஒருவன், சரிபார்ப்பவன் வேறொருவன் என்னும் இப்பாகுபாட்டை மனத்திற் கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

மட்டக்களப்பு நாட்டுக்கும் இத்தகைய மரபு புதிதன்று. எங்கள் கோயில்களில் நிருவாகப் பொறுப்புடையவரை வண்ணக்கர் என்கின்றோம். சங்கப் புலவர் சிலருடைய பெயரோடு 'வண்ணக்கன்' என்னும் அடை வருவதைக் கற்றோர் அறிவர். பொற்காசின் தரத்தைச் சோதிப்பவன் என்பது அதன் பொருள். நாணயம் பார்ப்பவனுடைய பெயர் கோயிற் பொருளுக்குப் பொறுப்பானவரின் பெயராக இங்கே நிலைத்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

போர்த்துக்கேயர் வந்தபோது 'தோம்பு' என்னும் சொல்லும் வந்தது. இலிசுபன் நகரிலுள்ள அவர்களுடைய தேசிய ஆவணக்காப்பகத்தின் பெயரிலே அச்சொல் இன்றும் இருக்கின்றது. ஒல்லாந்தர் தமது ஆட்சிப்பகுதிகளில் இம்முறையைப் பெரிதும் விரித்தனர். காணித் தோம்பு நிலத்தையும் அதன் பங்காளரையும் சொல்லும். தலைத் தோம்பு குடும்பத்தவரைச் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி முழுச்செய்தி கிட்டாது. இத்தோம்புகளிற் பல இலங்கைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இன்றும் இருக்கின்றன.

ஆங்கிலேயர் காலத்தில் 1871 இல் இத்தீவின் முதலாவது நவீன குடிசனமதிப்பு நடைபெற்றது. 1963 இல் விதானைமார் பதவி ஒழிந்து, கிராம சேவகர் வந்தார். 1972 முதல் தேசிய அடையாள அட்டை வந்தது. அந்த அட்டையின் இலக்கத்தைச் சற்றே கவனியுங்கள். பழைய இலக்கத்தின் முதலிரண்டு தானங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று தானங்கள் ஆண்டின் எத்தனையாவது நாளிற் பிறந்தார் என்பது. பெண்ணாயின் அவ்வெண்ணோடு 500 கூட்டப்படும். மிகவும் சாதுரியமான ஏற்பாடே. ஆயினும் ஆண்டுக்கு இரண்டு தானங்கள் மட்டும் ஒதுக்கியமையால், 2000 ஆம் ஆண்டுக்குப்பின் பிறந்தோர் வளர்ந்தபோது நூற்றாண்டு மயங்க இடமுண்டாயிற்று. 2016 சனவரி முதல் 12 தானங்கொண்ட இலக்கம் வழங்கப்பட்டது. அடையாள எண்ணை வகுப்பவன் 40 ஆண்டுக்கு அப்பால் நோக்கவேண்டும் என்பதைத் தரவுத்தளம் கற்கும் மாணவருக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் நம் சட்டைப்பையிலேயே வேறில்லை.

ஏடுகள் பெருகின, ஏடுகளுக்கு வந்த இடரும் பெருகிற்று. 1978 நவம்பரிற் சூறாவளி மட்டக்களப்பை அழித்தது. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. யுத்த காலத்தில் கோறளைப்பற்றுத் தெற்கிலே, கிரானைச் சூழ்ந்த வயற்புறக் கிராமங்களின் மக்கள் ஒருமுறைக்கு மேல் இடம்பெயர்ந்தனர். அடுப்பையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடுபவருக்குக் காணி உறுதியைத் தேட அவகாசமேது? பிறப்புச் சான்றிதழ் இல்லாமற் பாடசாலையிற் சேர வந்த பிள்ளைகளுக்காக உத்தேச வயதுச் சான்றிதழ் பெறுவது எங்கள் பகுதிப் பாடசாலை அதிபர்களுக்குப் பழகிப்போன காரியம்.

இதனினும் பெரிய இடைவெளியொன்றைச் சொல்லவேண்டும். 1981 இல் நாடெங்கும் குடிசனமதிப்பு எடுக்கப்பட்டது. 1991 இல் எடுக்கப்படவில்லை. 2001 இல் 18 மாவட்டங்களிலேயே அது முழுமையாக நிறைவேறிற்று. மட்டக்களப்பு அவற்றுள் அடங்கவில்லை. 2012 வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, எங்கள் மாவட்டத்தில் முழுமையான குடிசனமதிப்பு நடைபெறவில்லை. அக்காலத்திற் பிறந்து, வளர்ந்து, இறந்தோரும் உளர். எத்தனை பாடசாலை வேண்டும், எத்தனை மருந்தகம் வேண்டும் என்று கணக்கிடுவோர் அந்த ஆண்டுகளிற் பெரும்பாலும் மதிப்பீட்டையே நம்பியிருந்தனர்.

இனி, இயந்திரத்தின் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் 1880 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின் கணக்கைக் கையால் முடிப்பதற்குப் பல ஆண்டுகள் சென்றன. ஹொலரித் என்பவர் அட்டையிலே துளையிட்டு எண்ணும் பொறியை வகுத்து, 1890 ஆம் ஆண்டுக் கணக்குக்கு அதனைப் பயன்படுத்தினார். அவருடைய நிறுவனம் பிறவற்றோடு இணைந்து வளர்ந்ததே பின்னர் ஐபிஎம் எனப் பெயர் பெற்றது. 1963 அளவில் ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்ல்ஸ் பாக்மன் முதலாவது தரவுத்தள முறைமைகளுள் ஒன்றை ஆக்கினார். அதில் ஒரு பதிவிலிருந்து மறு பதிவுக்குச் செல்லும் வழி முன்கூட்டியே பிணைக்கப்பட்டிருக்கும். எங்கள் வாவியில் எந்த ஓடையால் நுழைந்தால் எந்தத் துறையிலே ஏறலாம் என்று தோணிக்காரன் அறிந்திருப்பதுபோல, செய்நிரல் எழுதுபவன் வழியை அறிந்திருக்கவேண்டும். வழி மாறினால் அவன் பாடு திண்டாட்டமே.

1970 இல் ஐபிஎம் ஆய்வாளரான எட்கார் கொட் ஒரு கட்டுரை வெளியிட்டார். தரவுகளை எளிய அட்டவணைகளாக வையுங்கள். ஒவ்வொரு நிரைக்கும் அதனைத் தனித்துக் காட்டும் ஒரு சாவி இருக்கட்டும். ஒரு செய்தியை ஓரிடத்தில் மாத்திரம் எழுதுங்கள். இன்னது வேண்டும் என்று கேளுங்கள், வழியை இயந்திரம் தேடிக்கொள்ளட்டும் என்பதே அதன் சாரம். காணித் தோம்பும் தலைத் தோம்பும் வெவ்வேறு ஏடாக இருந்து பெயரால் இணைந்ததை எண்ணிப் பார்ப்போர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது. 1974 இல் அவ்வட்டவணைகளை வினவுதற்குச் சேம்பர்லின், பொய்ஸ் என்னும் இருவர் வகுத்த மொழியே இன்று எஸ்கியூஎல் என வழங்குகின்றது.

இந்தக் கலை எங்கள் கரைக்கு வந்தது துக்கத்தின் வழியாக. 2004 டிசம்பர் 26 ஆம் நாட் காலையில் ஆழிப்பேரலை கிழக்குக் கரையை விழுங்கிற்று. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். கல்லடியிலும் நாவலடியிலும் கல்குடாவிலும் தப்பியவர் முகாம் முகாமாகத் தம் உறவினரைத் தேடினர். யார் எந்த முகாமில் இருக்கின்றனர், எங்கே அரிசி குறைகின்றது, எந்த நிறுவனம் எங்கே பணிசெய்கின்றது என்பதை ஒருங்கே அறிவதற்கு வழியில்லை. அப்போது கொழும்பிலிருந்த கணினித் தொழினுட்பவியலாளர் பலர் தன்னார்வத்தோடு கூடி, சில வாரங்களுள் 'சஹானா' என்னும் முறைமையை ஆக்கினர். சஹானா என்பது சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, நிறுவனங்களின் பதிவு, உதவி வேண்டுகோட் பதிவு என அதில் அட்டவணைகள் இருந்தன. அடியில் இருந்தது மைஎஸ்கியூஎல் என்னும் இலவசத் தரவுத்தளம். பின்னர் பாகிஸ்தானின் 2005 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கெனக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கிய சமூகநலப் பரிசு அதற்குக் கிடைத்தது.

இத்தகைய பதிவிலே தரவுத்தள நிருவாகியின் உண்மையான சோதனை பெயர்களில் இருக்கின்றது. நம்மவர் பெயரைத் தமிழில் ஒருவிதம் எழுதுவோம். சிங்கள எழுத்தில் மற்றொருவிதம். ஆங்கிலத்திலோ எழுதுபவர் விரும்பியபடி. 'கந்தையா' என்னும் ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதக் கண்டிருக்கின்றோம். தந்தை பெயர் முன்னே வரும். சில படிவங்களில் முதலெழுத்தாகக் குறுகும். ஒரே பிள்ளை இரண்டு முகாம்களில் இரண்டு பெயராற் பதியப்பட்டால், கணக்கில் இரண்டு பிள்ளை. தாய் தேடும்போது ஒன்றும் அகப்படாது. எது அதே ஆள், எது வேறாள் என்று பிரித்தறிய இயந்திரத்தின் வேகம் மாத்திரம் போதாது. அந்த ஊரையும் அதன் பெயரிடும் வழக்கத்தையும் அறிந்த ஒருவர் வேண்டும். மொழியும் வரலாறும் கற்றோருக்கு இத்தொழிலில் இடமில்லை என்று கூறுவோரோடு நான் உடன்படுவதில்லை.

முன்னே சொன்ன பாகுபாட்டுக்கு இப்போது திரும்புவோம். தரவுத்தள நிருவாகி யாருக்கு எதனைப் பார்க்கும் உரிமை, யாருக்கு மாற்றும் உரிமை என்று வரையறுக்கின்றார். மாற்றியவர் யார், எப்போது என்பதை நாட்குறிப்பிற் பதியச்செய்கின்றார். ஒரு கொடுக்கல் வாங்கல் முழுமையாக நிறைவேறவேண்டும், இன்றேல் நிகழாததுபோலவே இருக்கவேண்டும் என்று காவல் செய்கின்றார். செப்பேட்டில் ஒப்பிட்டவர் பெயர் பொறித்ததும் இதே தேவை பற்றியே.

எல்லாவற்றிலும் மேலானது காப்புப்பிரதி. 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மேகக்கணினி முறைமை கப்பம் கோரும் தாக்குதலுக்கு உட்பட்டது. ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சற் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் மீளவில்லை. அக்காலத்துக்கு வேறிடத்திற் பத்திரமான பிரதி இருக்கவில்லை. ஒல்லாந்தன் எழுதிய தோம்பு 250 ஆண்டு தாண்டி நிற்க, மூன்று மாதத்து அஞ்சல் காற்றோடு போயிற்று. பிரதி எடுத்தல் மாத்திரம் போதாது. அதை வேறிடத்தில், மூல இயந்திரத்தோடு தொடர்பற்று வைக்கவேண்டும். அதிலிருந்து மீட்க முடிகின்றதா என்று குறித்த நாளிற் சோதித்தும் பார்க்கவேண்டும். இச்சோதனையைச் செய்யாது விடுவோரே அதிகம்.

இத்தொழிலில் ஒருவர் படிப்படியாகவே வளர்கின்றார். முதலில் தரவு பதிதல், பின் வினவுதல், பின் பிரதியும் மீட்பும், அதன்பின் அட்டவணைகளை வகுத்தல். மென்பொருள்கள் மாறிக்கொண்டிருக்கின்றன: ஒராக்கிள் 1979 இல் வந்தது, மைஎஸ்கியூஎல் 1995 இல் வந்தது. வினவும் மொழியோ அரை நூற்றாண்டாக நிலைத்திருக்கின்றது. ஆகையால் ஒரு நிறுவனத்தின் பொறியை மாத்திரம் மனனஞ்செய்வதைவிட, கொட் வகுத்த அடிப்படையைக் கற்றவருக்கே ஆயுள் முழுதும் பயனுண்டு. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 இல் தொடங்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டம், தலைநகரிற் குடியேறாமலே கற்கும் வழியைத் திறந்தது. எங்கள் அயலில் வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றது.

மைஎஸ்கியூஎலையும் அதையொத்த போஸ்ட்கிரெஸ் என்பதையும் காசின்றிப் பெறலாம். ஒரு பழைய கணினியே போதும். இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் உயர்தர மாணவர், கற்பனையாக நூறு மாணவர் பெயரைத் தமிழில் எழுதி, ஒரு பாடசாலைச் சேர்வு இடாப்பை இரண்டு அட்டவணைகளாக ஆக்கிப் பாருங்கள். பிள்ளைக்கு ஓர் எண், பெற்றோருக்கு ஓர் எண் இடுங்கள். ஒரு பிள்ளையை வேண்டுமென்றே இருவேறு எழுத்துக்கூட்டலிற் பதிந்து, அவனைக் கண்டுபிடிக்கும் வினாவை எழுதுங்கள். பின்னர் பிரதியெடுத்து வேறோரிடத்தில் வைத்து, மூலத்தை முழுவதும் அழித்துவிட்டு, நூறு பெயரும் மீள்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.