மரண தண்டனை (இந்தியா)

கடுங்குற்றத்துக்காக நீதிமன்றத் தீர்ப்பின்படி அரசு ஒருவரின் உயிரைப் போக்கும் தண்டனை. இந்தியாவில் பெரும்பாலும் தூக்கிலிட்டு நிறைவேற்றப்படுவதால் 'தூக்குத் தண்டனை' என்றும் வழங்கும்.

சட்ட நிலை: 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, கொலை உள்ளிட்ட சில குற்றங்களுக்கு இதை அனுமதிக்கிறது. அமர்வு நீதிமன்றம் விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதிசெய்த பிறகே நிறைவேற்றலாம். ஆயுள் தண்டனையே பொதுவிதி, 'அரிதினும் அரிதான' வழக்குகளில் மட்டுமே தூக்கு என்று பச்சன் சிங் வழக்கில் (1980) உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாய மரண தண்டனை என்ற பழைய சட்டப் பிரிவு 1983இல் செல்லாததாக்கப்பட்டது.

கருணை மனு: குடியரசுத் தலைவருக்கு அரசமைப்பின் 72ஆம் உறுப்பும் ஆளுநருக்கு 161ஆம் உறுப்பும் தண்டனைக் குறைப்பு அதிகாரம் தருகின்றன. மனுவின்மீது முடிவெடுப்பதில் நேரும் மிதமிஞ்சிய தாமதம் தண்டனையைக் குறைக்கக் காரணமாகும் என 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழியே, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரின் தூக்கு பிப்ரவரி 18 அன்று ஆயுளாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2011இல், தமிழ்நாடு சட்டமன்றம் இதைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது.

விவாதம்: கொடுங்குற்றத்துக்கு ஈடான தண்டனை, பிறருக்கு எச்சரிக்கை என்பன ஆதரவாளர் வாதங்கள். ஆயுள் தண்டனையைவிட அதிகமாக இது குற்றத்தைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை, நல்ல வழக்கறிஞரை அமர்த்த வசதியற்ற ஏழைகளே அதிகம் சிக்குகின்றனர் என்பர் எதிர்ப்பாளர். 1967இல் இத்தண்டனை நீடிக்கலாம் என்ற சட்ட ஆணையம், 2015இல் தன் 262ஆம் அறிக்கையில் பயங்கரவாதம், நாட்டின்மீது போர் தொடுத்தல் தவிர்த்த குற்றங்களுக்கு ஒழிக்கப் பரிந்துரைத்தது. ஆயினும் அப்பரிந்துரை சட்டமாகவில்லை. 2020 மார்ச் 20 அன்று திகார் சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். பிழையான தீர்ப்பைத் திருத்தலாம், போன உயிரை மீட்க இயலாது என்பதே ஒழிப்பு வாதத்தின் மிக வலுவான அடித்தளம்.