துரையின் இடுப்பு வார்

கைத்துப்பாக்கிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், அவை தூங்கும் தோல் உறையைப் பற்றி அதிகம் எழுதவில்லை. சப்ரகமுவத் தோட்டங்களின் கதையை அந்த உறையிலிருந்தே தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

1858இல் வட இந்தியப் போர்க்களமொன்றில் இடக்கையை இழந்தார் சாம் பிரவுண் என்ற ஆங்கிலேய அதிகாரி. ஒற்றைக் கையால் வாளையும் சுழல் துப்பாக்கியையும் கையாள, தோளுக்குக் குறுக்கே ஒரு வாரும் இடுப்பில் ஓர் உறையும் கொண்ட பட்டியைத் தமக்கெனச் செய்துகொண்டார். பின்னர் பிரித்தானியப் படையதிகாரிகள் அனைவரின் உடையிலும் அது நிலைபெற்றது. 1900இல் ஐரோப்பியத் தோட்டத் துரைமாரைக் கொண்டு இலங்கையில் தொண்டர் துப்பாக்கிப் படை ஒன்று அமைக்கப்பட்டது. 1949இல் கலைக்கப்படும் வரை கொழுந்துக் கணக்குப் பார்த்தவர்களே ஆயுதப் பயிற்சியும் பெற்றார்கள்.

நல்ல உறைக்குரிய இலக்கணம் அன்றும் இன்றும் ஒன்றுதான். விசையை முழுவதும் மூட வேண்டும். மேடுபள்ளத்தில் ஏறி இறங்கினாலும் ஆயுதம் நழுவக்கூடாது. எடுத்த பின் வாய் மடங்காமல் நிற்க வேண்டும். தாங்கும் இடுப்பு வாரும் தடித்ததாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இரத்தினபுரிப் பக்கத்தில் இன்னொன்றும் சேரும்: மேல்மூடி. அது கையைத் தாமதப்படுத்தும். ஆனால் மழையைத் தடுக்கும். ஈரத் தோல் பூஞ்சணம் பிடிக்கும், இரும்பையும் துருவேற்றும். ஆகவே இரவில் துப்பாக்கியை உறையிலேயே விட்டுவைப்பது தவறு. (இந்த விதியை மீறித் துருவேறிய துப்பாக்கிகள் எத்தனையோ!)

ஆனால் எந்த உறை நல்லது என்பதைவிட, யாருடைய இடுப்பில் அது இருந்தது என்பதே பெரிய கேள்வி. 1915 கலவரத்தின்போது ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிறந்தது. கலகமடக்கத் துரைமாரும் இறங்கினார்கள். விசாரணையின்றிச் சுடப்பட்டவர்களுக்காகப் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் வாதாடினார்; 1916இல் லண்டனில் நூலும் வெளியிட்டார். அதே ஆண்டில் வந்த 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமே, திருத்தங்களுடன், இன்றும் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரம் கேட்டு அரசாங்க அதிபரின் வாசலில் நிற்பது லயத்துக் குடும்பங்களுக்கு நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

1971 ஏப்ரலில் கிளர்ச்சியாளர்கள் வீடு வீடாகச் சென்று வேட்டைத் துப்பாக்கிகளைச் சேகரித்தபோது, கேகாலை அவர்களது வலுவான களங்களுள் ஒன்றாயிற்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைகளின் காலம் முடிந்தது.

1977இலும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலும் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். லயங்களிலிருந்து ஓடியவர்களிடம் கவ்வாத்துக் கத்திக்கு மேல் எந்த ஆயுதமும் இருந்ததாக நான் எண்ணவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டு, அடையாள அட்டை இருந்தால் அதை மடியில் முடிந்துகொண்டு, அவர்களில் பலர் வவுனியா வரை சென்றார்கள்.

2024இன் இறுதியில் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி கோரியது. அரசியல்வாதிகளின் இடுப்பு உறைகள் சில, கொஞ்சக் காலம் வெறுமையாயின.