பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஊறுதா? கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிங்க

மழை விட்டு இரண்டு நாளாகியும் பார்க்கிங்கில் தண்ணீர் வற்றவில்லை. மோட்டார் போட்டு இறைத்தால், ஒரு மணி நேரத்தில் மறுபடியும் தரை நனைகிறது. சுவரோரம் உப்பு பூத்து பெயின்ட் பொரிந்து கிடக்கிறது. வேளச்சேரி, மடிப்பாக்கம் போன்ற தாழ்வான பகுதிகளில், பேஸ்மென்ட் பார்க்கிங் வைத்துக் கட்டிய அடுக்குமாடிகளில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் இது வாடிக்கையான காட்சி.

அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டதும் யாராவது ஒரு நம்பர் அனுப்புவார். வருபவர் ஐந்து நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கெமிக்கல் அடிச்சுட்டா போதும் சார். சதுர அடிக்கு இவ்ளோ. பத்து வருஷம் கேரண்டி" என்பார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்லியிருக்க மாட்டார். வாட்டர்ப்ரூஃபிங் என்ற பெயரில் போகும் பணத்தில் பெரும்பகுதி வீணாவது இந்த ஒரு பதில் இல்லாமல் வேலையைத் தொடங்குவதால்தான்.

தண்ணீர் எங்கிருந்து வருது?

பேஸ்மென்ட் ஈரத்துக்குப் பல வழிகள் உண்டு. நிலத்தடி நீர் மட்டம் ஏறி, தரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள ஜாயின்ட் வழியாக வரலாம். சாலைத் தண்ணீர் ராம்ப் வழியாக இறங்கலாம். பக்கத்திலேயே இருக்கும் சம்ப் ஒழுகலாம். மேல்தளத்துத் தோட்டத் தொட்டியோ கழிவுநீர்க் குழாயோ காரணமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு.

இதில் பாதியை வீட்டுக்காரர்களே கண்டுபிடிக்கலாம். சம்ப் மீது சந்தேகம் இருந்தால், இரவில் எல்லா வால்வையும் மூடி, நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு வைத்து, காலையில் பாருங்கள். கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தால் பாதி விடை கிடைத்தது. ஆனால் சுற்றிலும் நிலத்தடி நீர் ஏறி நிற்கும் நாளில் இந்தச் சோதனை ஏமாற்றும். மழை ஓய்ந்து மட்டம் இறங்கிய பிறகு ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது.

தரையில் ஈரம் மட்டும் தெரிகிறது, ஓட்டம் இல்லை என்றால், இரண்டு அடிக்கு இரண்டு அடி பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒன்றிரண்டு நாள் விடலாம். ஷீட்டுக்கு அடியில் நீர் முத்து கோத்திருந்தால் ஓதம் தரையிலிருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றில் உள்ள ஈரம். அதற்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும், லட்சக்கணக்கில் கோட்டிங் தேவையில்லை.

மழை பெய்யும்போது மட்டும் வந்து, நின்றதும் நிற்கிறதா? ராம்ப், மழைநீர்க் குழாய் பக்கம் பார்க்க வேண்டும். மழை நின்று பல நாள் கழித்தும் ஊறுகிறதா? நிலத்தடி நீரைச் சந்தேகிக்கலாம். வெயில் காலத்திலும் ஒரே இடம் மட்டும் ஈரமாக இருக்கிறதா? குழாய் அல்லது சம்ப்.

ராம்ப் வழியாக வரும் தண்ணீருக்கு வாட்டர்ப்ரூஃபிங்கே தேவைப்படாது. சாலையை சுரண்டாமல் மேல மேல போட்டதில் வாசலே பள்ளமாகிப்போன தெருக்கள் சென்னையில் ஏராளம். அங்கெல்லாம் ராம்ப் தொடக்கத்தில் ஒரு மேடு, கீழே கம்பி மூடி போட்ட வாய்க்கால், தானாக ஓடும் பம்ப், கரன்ட் போனால் அந்தப் பம்புக்கு ஒரு பேக்கப் இருந்தால் போதும். இதை வாய் திறந்து சொல்லும் கான்ட்ராக்டர் கிடைத்தால், அடுத்த பெரிய வேலையை அவருக்கே கொடுக்கலாம்!

உள்பக்கம் பெயின்ட் அடித்தால் ஏன் நிற்பதில்லை?

வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு முறையாகப் போட வேண்டிய இடம், மண்ணை ஒட்டிய வெளிப்பக்கச் சுவர். கட்டும்போது அதைச் செய்வது சுலபம். கட்டி முடித்து, மண் மூடி, பக்கத்து வீட்டு காம்பவுண்டும் ஒட்டி வந்த பிறகு தோண்ட இடமிருக்காது. அதனால் எல்லோரும் உள்பக்கம் வேலை செய்கிறார்கள். தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே தள்ளும்போது, உள்பக்கம் ஒட்டிய பெயின்ட்டையும் சேர்த்தே தள்ளும்.

அந்தத் தள்ளு சாதாரணமானது இல்லை. சுவருக்கு வெளியே 6 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அடிப்பகுதியில் ஒவ்வொரு சதுர அடியிலும் சுமார் 170 கிலோ அழுத்தம் விழுகிறது. சுவரின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டும் பெயின்ட் ஒரு மழைக்காலத்திலேயே கொப்பளித்துவிடும்.

உள்பக்கத்திலிருந்தே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. கிரிஸ்டலைன் வகைப் பூச்சு ஈரத்தோடு சேர்ந்து கான்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் படிகமாக வளர்ந்து அடைக்கும். தண்ணீர் பீறிடும் விரிசலுக்கு பி.யு. இன்ஜெக்ஷன். விரிசலின் இரு பக்கமும் சாய்வாகத் துளையிட்டு, நாசில் பொருத்தி, அழுத்தத்தில் ரெசினை ஏற்றுவார்கள். அது தண்ணீர் பட்டதும் நுரைத்து, விரிந்து, வழியை அடைக்கும். கான்கிரீட் சரியாக இறங்காமல் ஓட்டை ஓட்டையாக இருக்கும் இடத்துக்கு சிமென்ட் கிரவுட்டிங். காய்ந்த, கட்டடத்தின் பலத்தைப் பாதிக்கும் விரிசலுக்கு எபாக்சி.

எதை எங்கே, ஏன் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். எல்லா இடத்துக்கும் ஒரே பதில் சொன்னால் அவரிடம் ஒரே சரக்குதான் இருக்கிறது என்று அர்த்தம்.

சுவரில் துருக்கறை இறங்குகிறது, கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது என்றால் வாட்டர்ப்ரூஃபிங் கான்ட்ராக்டரை அழைப்பதற்கு முன்பே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைக்க வேண்டும். துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். அதன் மேல் பூசி மெழுகி டைல்ஸ் ஒட்டினால், நோய் கண்ணில் படாமல் வளரும். இன்ஜினியர் ஃபீஸ் அநாவசியம் என்று கமிட்டியில் ஒருவராவது சொல்வார். பொருள் விற்காத, வேலையும் எடுக்காத ஒருவர் தரும் அறிக்கை இருந்தால்தான் மூன்று கான்ட்ராக்டர்களிடமும் ஒரே வேலைக்கு ரேட் கேட்க முடியும். இல்லையென்றால் மூவரும் மூன்று வேறு வேலைக்கு ரேட் கொடுத்திருப்பார்கள். குறைந்த ரேட் எது என்று பார்ப்பதில் அர்த்தமே இருக்காது.

புது பில்டிங்கா? முதலில் சாவி வாங்கிய தேதியைப் பாருங்க

2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து தெரிவித்தால், பில்டர் கூடுதல் பணம் வாங்காமல் 30 நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். 'ரெரா'வில் பதிவான திட்டமாக இருந்தால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்ய வழி உண்டு.

அவசரப்பட்டு வெளி ஆளை வைத்து துளைபோட்டுவிட்டால், "நீங்களே இடிச்சுட்டீங்களே" என்று பில்டர் தப்பிக்கப் பார்ப்பார். எழுத்தில் புகார், தேதி தெரியும் போட்டோ, வீடியோ. இந்த மூன்றும் முதலில்.

கோட்டேஷனில் என்ன இருக்கணும்?

'பேஸ்மென்ட் வாட்டர்ப்ரூஃபிங், முழு வேலை, இவ்வளவு ரூபாய்' என்று ஒரே வரியில் வரும் கோட்டேஷனை வாங்கியதும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எந்தச் சுவர், எத்தனை அடி, பழைய பூச்சைக் கொத்தி எடுப்பது யார், எந்த கம்பெனியின் எந்தப் பொருள், எத்தனை கோட், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ, கழிவை அள்ளிப்போவது யார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கிலோ கணக்குதான் இதில் முக்கியம். ஒவ்வொரு பொருளுக்கும் தயாரிப்பாளர் டேட்டா ஷீட் வெளியிடுகிறார். ஒரு கோட்டுக்கு சதுர மீட்டருக்கு 1 கிலோ, இரண்டு கோட் என்று அதில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2,000 சதுர அடி என்பது சுமார் 186 சதுர மீட்டர். அப்படியானால் ஏறக்குறைய 370 கிலோ இறங்க வேண்டும். வாசலில் இறங்கியது 20 கிலோ பக்கெட் பத்துதான் என்றால், பாதி சரக்கில் முழுச் சுவரையும் தேய்க்கப் போகிறார்கள். சீல் பிரிக்காத பக்கெட்டாக வருகிறதா, காலி பக்கெட் எத்தனை என்று செக்யூரிட்டியை எண்ணச் சொன்னாலே பாதித் திருட்டு நின்றுபோகும்.

இன்ஜெக்ஷன் வேலையில் வேறொரு சூட்சுமம். நாசிலுக்கு இவ்வளவு என்று ரேட் பேசுவார்கள். பிறகு நூறில் முடிய வேண்டியது முந்நூறில் முடியும். அதிகபட்சம் இத்தனை நாசில், அதற்கு மேல் போனால் இன்ஜினியர் கையெழுத்து வேண்டும் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

"பில் வேண்டாம்னா 18 சதவீதம் மிச்சம் சார்" என்ற பேச்சும் கட்டாயம் வரும். ஜி.எஸ்.டி. மிச்சமாவது உண்மைதான். ஆனால் அடுத்த மழையில் ஒழுகினால், வேலை செய்தது அவர்தான் என்று காட்ட உங்களிடம் ஒரு தாள்கூட இருக்காது. சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த பில்.

பத்து வருஷ கேரண்டி எதுக்கு?

கம்பெனி தரும் வாரண்டி பெரும்பாலும் பொருளுக்கு மட்டும். கான்ட்ராக்டர் தருவது வேலைக்கு. ஒழுகினால் இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார். இரண்டையும் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். 'இயற்கைச் சீற்றத்துக்குப் பொருந்தாது' என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2015-ல் பெருவெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில், அந்த ஒரு வரி மொத்த கேரண்டியையும் தின்றுவிடும்.

தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. ஒரு இடத்தில் அடைத்தால், மூன்றடி தள்ளி அடுத்த பலவீனமான இடத்தில் வெளிவரும். "நாங்க செஞ்ச இடம் ஒழுகலையே சார், இது புது இடம்" என்ற பதில் அப்போது தயாராக இருக்கும். எனவே கேரண்டியை ஒரு விரிசலுக்கு வாங்காமல், 'கிழக்குச் சுவர் முழுவதும், தரை ஜாயின்ட் உட்பட' என்று பகுதிக்கு வாங்க வேண்டும்.

காலண்டரும் கையில் இருக்கட்டும். ஏப்ரலில் வேலை முடித்து மே மாதம் முழுப் பணமும் வாங்கிப்போனால் எல்லாச் சுவரும் காய்ந்துதான் இருக்கும். அதில் கான்ட்ராக்டரின் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. சென்னையில் பேஸ்மென்ட்டுக்குப் பரீட்சை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஒழுகும்போதே ஒழுகும் இடங்களை சாக்பீஸால் வட்டம் போட்டு போட்டோ எடுத்து, பி.யு. வேலையை ஈரம் இருக்கும்போதும், பூச்சு வேலையை ஜனவரிக்குப் பிறகும் வைத்துக்கொண்டு, குறைந்தது 10 சதவீதப் பணத்தை அடுத்த டிசம்பர் வரை நிறுத்திவைப்பது நியாயமான ஏற்பாடு. தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் முணுமுணுத்தாலும் ஒப்புக்கொள்வார்.

வேலை நடக்கும்போது

பேஸ்மென்ட்டில் தண்ணீர் நின்றால், மெயின் ஸ்விட்சை அணைத்து எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை யாரும் இறங்கக் கூடாது. கூரை வரை நிரம்பியிருந்தால் ஒரே மூச்சில் இறைப்பதும் ஆபத்து. வெளியே மண் ஊறிக் கிடக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் எதிர் எடை சட்டென்று போனால், சுவர் விரியலாம், தரை மேலே எழும்பலாம். கொஞ்சம் கொஞ்சமாக, நாள் கணக்கில் இறைக்க வேண்டும். ஜெனரேட்டரை உள்ளே வைத்து ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சம்புக்குள் இறங்கிப் பூசும் தொழிலாளிக்குத்தான் இந்த வேலையில் அதிக ஆபத்து. மூடிக் கிடந்த தொட்டியில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், கெமிக்கல் ஆவியும் சேரும். மூடியை வெகுநேரம் முன்பே திறந்துவைத்து, புளோயரில் காற்று அடித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஓர் ஆள் நின்ற பிறகே இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால், பாதுகாப்பு இல்லாமல் பின்னாலேயே குதிப்பவரும் மயங்குவார். இந்த ஏற்பாடுகளுக்கான செலவு கோட்டேஷனில் இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அசோசியேஷன் கேட்டுவிட வேண்டும்.