'எல் ஐ' என்று நின்ற திரை



மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள், "ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி மட்டும் எழுதாதீங்க, அதை எல்லாரும் எழுதியாச்சு" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே நம்மில் பலரை விடிய விடிய உட்கார வைத்த வேறொரு விஷயத்தின் வரலாற்றை எழுதுகிறேன். பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடும்போது அது பாதியில் ஹேங் ஆகி நிற்குமே, அந்த விஷயம்தான்.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தன்னுடைய 386 கம்ப்யூட்டருக்காக எழுத ஆரம்பித்தது லினக்ஸ். 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வந்தது. நம்ம பாண்டிக்கு அது கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு வந்த சி.டி.யாக வந்து சேர்ந்தது. ஒரே சி.டி. பத்துப் பேர் கை மாறி, கீறல் விழுந்து, கடைசியில் நம்மிடம் வரும். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லாத பையன்களுக்கு அது பெரிய சொத்து.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் ஒரு நண்பன் வீட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 486 ஒன்று இருந்தது. அதில் 1.2 ஜி.பி. டிஸ்க் மாட்டியிருந்தான். இரவு முழுக்க இன்ஸ்டால் செய்து, விடியற்காலை ரீஸ்டார்ட் பண்ணினால் திரையில் 'எல் ஐ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துதான் வருது. அவ்வளவுதான், அசையவில்லை. "ரெண்டு எழுத்துக்கா ராத்திரி பூரா உக்காந்திருந்தீங்க?" என்றார் அவன் அம்மா.

அந்த இரண்டு எழுத்தே விடையைச் சொல்லிவிட்டது. லினக்ஸை எழுப்பிவிடும் 'லைலோ' தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொரு படி தாண்டும்போதும் ஒவ்வொன்றாக அச்சிடும். 'எல்' வந்தால் முதல் பகுதி ஏறிவிட்டது. 'எல் ஐ' என்று நின்றால் இரண்டாம் பகுதி ஏறியும் ஓட முடியவில்லை. பெரும்பாலும் டிஸ்கின் அளவைப் பற்றி பயாஸுக்கும் லினக்ஸுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பழைய பயாஸுக்கு 1024 சிலிண்டர் வரைதான் எண்ணத் தெரியும். 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கிப் பாருங்கள், 52 கோடியே 84 லட்சம் பைட்டுக்கு மேல் அதன் கண்ணுக்கு எதுவுமே கிடையாது! கெர்னல் அந்த எல்லைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தால் எப்படி எழுப்பும்? டிஸ்கின் ஆரம்பத்திலேயே '/பூட்' என்று சின்னதாக ஒரு பார்ட்டிஷன் பிரித்து, கெர்னலை அங்கே வைத்தோம். எழுந்துவிட்டது. 2000-ஐ ஒட்டி வந்த லைலோ பதிப்புகளில் இந்தத் தொல்லை தீர்ந்தது.

1997 நவம்பரில் வேறு மாதிரி ஒரு ஹேங் வெளிச்சத்துக்கு வந்தது. பென்டியம் சிப்பிலேயே ஒரு குறை. நான்கு பைட் கொண்ட ஒரு கட்டளையை எந்தச் சாதாரண புரோகிராம் ஓட்டினாலும் மொத்த மெஷினும் உறைந்துவிடும். சிப்பைக் கழற்றி மாற்றவா முடியும்? அதே மாதம் லினக்ஸ் கெர்னலிலேயே அதற்கு மாற்று வழி வைத்துவிட்டார்கள்.

2009-க்குப் பிறகு பழி கிராஃபிக்ஸ் பக்கம் போனது. திரையின் அளவையும் நிறத்தையும் அமைக்கும் வேலையைக் கெர்னலே எடுத்துக்கொண்டதால், பழைய கிராஃபிக்ஸ் சிப்புகள் சில நேரம் கறுப்புத் திரையோடு நின்றன. பூட் வரியில் 'நோமோட்செட்' என்று சேர்த்தால் பல மெஷின்கள் பிழைத்துக்கொண்டன.

2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்களில் விண்டோஸோடு சி-டாக்கின் 'பாஸ்' லினக்ஸும் போட்டே வந்தது. இந்தத் தொல்லை எதுவும் படாமல் லினக்ஸைப் பார்த்த தலைமுறை அது, கொடுத்து வைத்தவர்கள்.

பழைய மெஷினோடு இன்னும் மல்லுக்கட்டும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பூட் வரியில் 'கொயட்', 'ஸ்பிளாஷ்' இரண்டையும் எடுத்துவிட்டு, எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள். கேப்ஸ் லாக் விளக்கு அழுத்தினால் மாறுகிறதா? கெர்னல் உயிரோடு இருக்கிறது, திரைதான் போச்சு. அதுவாகவே மின்னி மின்னி அணைகிறதா? கெர்னலே விழுந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் முதலில் மெமரியைச் சந்தேகப்படுங்கள். நம்ம ஊர் கடல் காற்றுக்கு அதன் முனைகள் கறுத்துப் போகும். கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டிவிட்டு, 'மெம்டெஸ்ட்' ஒரு ராத்திரி ஓடட்டும்.

பழைய கம்ப்யூட்டரின் தோழன் என்று பேர் வாங்கிய லினக்ஸும் மெல்ல மெல்லக் கையை விட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறது. தான் பிறந்த 386-க்கான ஆதரவை 2013-இல் வந்த 3.8 கெர்னலில் நீக்கியது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இல் 32 பிட் கம்ப்யூட்டருக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கெர்னலும் இல்லை. பரணில் பென்டியம் 3 வைத்திருப்பவர்கள் டெபியன் 12-ஐப் போட்டுப் பாருங்கள். அதற்கு 2028 ஜூன் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள்.